புவி வெப்பமாதலுக்கு எந்தப் பொருளாதார அமைப்பு பொறுப்பு?

காலநிலை மாற்றத்துக்கு முதலாளித்துவமே காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சோவியத் ஒன்றியமும் சீனமும் எரித்த நிலக்கரியைப் பார்த்தாலே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். இவர்களில் யார் சொல்வது சரி, இந்தியா போன்ற நாடு எந்த வழியில் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது எது என்பது ஒன்று. இதிலிருந்து நம்மை மீட்கக்கூடியது எது என்பது மற்றொன்று. முதலாவதற்கு வரலாறு பதில் சொல்லும். இரண்டாவதற்கு விலை, வட்டி, முதலீடு, அரசின் சட்டம் ஆகியவை நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சிதான் பதில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதால்தான் இந்த விவாதம் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரிசக்திப் பொருளியலை முதுகலை மாணவர்களுக்கு நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், எது உறுதியாகத் தெரியும், எது இன்னும் அறிஞர்களிடையே தீராமல் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் மிகப் பெரும்பகுதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்ததால் வந்தது. இந்த வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்குவதால், இந்த ஆண்டில் யார் எவ்வளவு உமிழ்ந்தார்கள் என்பதைவிட, இதுவரை சேர்ந்த மொத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதே பொறுப்பை அளக்கும்போது முக்கியமாகிறது. அந்தக் கணக்கில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. பிரிட்டனையும் சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பங்கு அதற்குச் சற்றே குறைவு. சீனத்தின் பங்கு ஏழில் ஒன்று அளவு, ரஷ்யாவினுடையது ஏறத்தாழ 7 சதவீதம், இந்தியாவினுடையது சுமார் 3 சதவீதம். ஆக, சேர்ந்துள்ள கார்பனில் பாதிக்கு அருகில் முதலாளித்துவம் முதலில் வேரூன்றிய நாடுகளிலிருந்து வந்தது என்பது கருத்தன்று, கணக்கு. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இது ஒரு பகுதி விடை.

ஆனால் 'அங்கிருந்து வந்தது' என்பதும் 'அதனால் வந்தது' என்பதும் ஒன்றல்ல. பிரிட்டன் ஏன் நிலக்கரிக்கு மாறியது என்பதில் பொருளாதார வரலாற்றாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ராபர்ட் ஆலன் போன்றவர்கள், அங்கே கூலி அதிகமாகவும் நிலக்கரி மலிவாகவும் இருந்ததால் மனித உழைப்பைக் குறைத்து எரிபொருளை விழுங்கும் இயந்திரங்கள் லாபகரமாக இருந்தன என்கிறார்கள். ஆந்திரியாஸ் மால்ம் இதை மறுத்து, பருத்தி ஆலைகளுக்கு ஆற்று நீரின் விசை நீராவியைவிட மலிவாகக் கிடைத்த காலத்திலேயே முதலாளிகள் நீராவிக்கு மாறினார்கள், ஏனெனில் ஆற்றங்கரைகளைவிட நகரங்களில் தொழிலாளர்களைத் திரட்டுவதும் கட்டுப்படுத்துவதும் எளிது என்கிறார். முன்னது சரியென்றால் நிலக்கரி யுகம் விலைகளின் விளைவு. பின்னது சரியென்றால் அது வர்க்க உறவின் விளைவு. இரண்டு தரப்பிடமும் நல்ல ஆவணச் சான்று உண்டு. எனக்கு ஆலனின் விளக்கம் பெரும்பகுதி பொருந்துவதாகப் படுகிறது. ஆனால் பருத்தித் தொழிலைப் பொறுத்தவரை மால்ம் எழுப்பும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இனி, மறு தரப்பு எப்போதும் சுட்டிக்காட்டும் திட்டமிட்ட பொருளாதாரங்களுக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுக் களம் பொருளியலாளர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது. 1973-இல் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த அதிர்ச்சியை ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் நேரடியாக உணர்ந்தன. ஆலைகள் உலைகளை மாற்றின, கார்கள் சிறிதாயின, ஜப்பான் 1979-இல் எரிசக்திச் சிக்கனத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. சோவியத் ஒன்றியத்திலோ உள்நாட்டு எரிபொருள் விலையை அரசு நிர்ணயித்து நெடுங்காலம் மாற்றாமல் வைத்திருந்தது. அதன் கூட்டு நாடுகளுக்கும் கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி விலையில் எண்ணெய் விற்கப்பட்டதால் அதிர்ச்சி மெதுவாகவும் மழுங்கியும்தான் வந்து சேர்ந்தது. ஒரு ஆலையின் மேலாளருக்கு எரிபொருளை மிச்சப்படுத்தினால் கிடைப்பது ஒன்றுமில்லை. மிச்சப்படுத்தியது தெரிந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்ற அச்சம்தான் உண்டு. இலக்குகள் டன்னிலும் மொத்த உற்பத்தி மதிப்பிலும் விதிக்கப்பட்டதால் கனமான பொருளைச் செய்வதே லாபமாக இருந்தது. எண்ணெய், எரிவாயு தேடும் குழுக்களுக்குத் துளைத்த மீட்டர் அளவே இலக்கானபோது, ஆழமாகத் துளைத்து மெதுவாக முன்னேறுவதைவிட ஆழமில்லாத துளைகளைப் பெருக்குவதே அவர்களுக்கு வசதியாயிற்று. நகர வீடுகளுக்கு மத்திய நிலையத்திலிருந்து வெந்நீர்க் குழாயில் வெப்பம் வந்தது. வீட்டில் அதை அளக்கும் கருவியும் இல்லை, குறைக்கும் திருகும் இல்லை. அறை சூடேறினால் பனிக்காலத்திலும் சன்னலைத் திறந்துவிடுவதே வழக்கமாக இருந்தது.

கிழக்கு ஜெர்மனி இதன் உச்சம். ஒரே மொழி பேசும், ஒரே தொழில் மரபுள்ள மக்கள் 1949 முதல் இரண்டு அமைப்புகளில் வாழ்ந்தார்கள். இருபுறமும் பழுப்பு நிலக்கரி இருந்தது. ஆனால் கிழக்கில் வேறு எரிபொருள் அதிகம் இல்லை, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியும் இல்லை. 1980-களின் நடுவில் அந்தச் சிறிய நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி டன் பழுப்பு நிலக்கரி தோண்டி உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 டன் கார்பன் டை ஆக்சைடு உமிழ்ந்தது. அதைவிடச் செல்வம் மிக்க மேற்கு ஜெர்மனியின் அளவு சுமார் 12 டன். 1982-இல் கிழக்கு ஜெர்மன் அமைச்சரவை சுற்றுச்சூழல் தரவுகளை அரசு ரகசியமாக்கியது. எந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம் என்று அறிய விரும்பியவர்கள் பெர்லினின் சியோன் தேவாலயத்தில் 1986-இல் ஒரு சிறு சுற்றுச்சூழல் நூலகம் தொடங்கி, எளிய நகல் இயந்திரத்தில் அச்சிட்ட தாள்களைப் பரப்ப வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ரகசியப் போலீஸ் அங்கே சோதனையிட்டது. அறிவியல் அறிவு இல்லாததால் இப்படி நடந்தது என்று சொல்லவே முடியாது. பனிப்பரப்பு உருகினால் வெப்பம் மேலும் கூடும் என்பதைக் கணித வடிவில் 1969-இல் காட்டியவர்களில் ஒருவர் லெனின்கிராடைச் சேர்ந்த மிகயீல் புதிகோ என்ற சோவியத் அறிவியலாளர். தெரிந்தவர்கள் இருந்தார்கள், தெரிந்ததைக் கொள்கையாக மாற்றும் வழி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சோவியத் பொருளாதாரம் 'ஒரு டாலர் உற்பத்திக்கு மேற்கைப் போல இத்தனை மடங்கு எரிசக்தி செலவழித்தது' என்று பல நூல்களில் எண்கள் காணப்படும். ரூபிளில் நிர்ணயிக்கப்பட்ட விலைகளை டாலராக மாற்றுவதற்கு நம்பத்தகுந்த முறை எதுவும் இல்லாததால் அந்த மடங்குகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடும். குளிர் நாடு, பரந்த நிலப்பரப்பு, கனரகத் தொழில் ஆகியவற்றின் பங்கையும் கழிக்க வேண்டும். திசை உறுதி, அளவு உறுதியில்லை என்பதே நேர்மையான கூற்று.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் நடந்ததையும் இரு தரப்பினரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ரஷ்யாவின் உமிழ்வு பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்த 1997-இன் கியோட்டோ உடன்படிக்கை 1990-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டதால், எதுவும் செய்யாமலேயே ரஷ்யாவும் உக்ரைனும் இலக்கைத் தாண்டி நின்று, பிற நாடுகளுக்கு விற்பதற்கு உபரி உமிழ்வு உரிமைகளையும் வைத்திருந்தன. இதைச் சந்தையின் வெற்றி என்று சிலர் எழுதினார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு சரிவு. அதே ஆண்டுகளில் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990-இல் இருந்த ஏறத்தாழ 64-இலிருந்து 1994-இல் 58-க்கும் கீழே போயிற்று. ஆலைகள் மூடியதால் வானம் தெளிந்த ஊர்களில் ஓய்வூதியம் வராமல் முதியவர்கள் வாடினார்கள். பொருளாதாரம் நொறுங்கினால் உமிழ்வு குறையும் என்பதற்கு அது சான்று. உமிழ்வைக் குறைக்க அதுதான் வழி என்பதற்குச் சான்றாகாது. 2020-இல் பெருந்தொற்று உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தபோதும் உலக உமிழ்வு 5 சதவீதம் அளவில்தான் குறைந்தது, அடுத்த ஆண்டே மீண்டும் ஏறிவிட்டது.

இத்தனையும் சந்தைப் பொருளாதாரத்தை விடுவித்துவிடும் என்று எண்ண வேண்டாம். திட்டமிட்ட பொருளாதாரம் ஒவ்வொரு டன் இரும்புக்கும் அதிகமாக எரித்தது; சந்தைப் பொருளாதாரமோ எரிப்பதற்கான காரணங்களை முடிவில்லாமல் பெருக்கியது. அதன் அடிப்படைக் குறை ஒன்றை ஆர்தர் பிகூ என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் 1920-லேயே விளக்கினார். ஒருவருடைய செயலின் தீங்கு மூன்றாமவர் தலையில் விழுந்து, அதற்கான விலையைச் செய்தவர் கொடுக்க வேண்டியதில்லை என்றால், அந்தச் செயல் அளவுக்கு மீறி நடக்கும் என்பதே அவர் வாதம். புகைபோக்கிக்கு அடுத்த தெருவிலுள்ளவர் பாதிக்கப்பட்டால் வழக்காவது போடலாம். கார்பனால் பாதிக்கப்படுகிறவர் கடலுக்கு அப்பாலும் இருக்கலாம், இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006-இல் பிரிட்டன் அரசுக்குத் தந்த அறிக்கையில் காலநிலை மாற்றத்தை உலகம் கண்ட மிகப் பெரிய சந்தைத் தோல்வி என்று குறிப்பிட்டது இதைத்தான்.

தனியார் லாப நோக்கம் இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எக்ஸான் நிறுவனத்தின் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக், எரிபொருளை எரிப்பதால் புவி வெப்பமாகும் என்பதைத் தன் நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கு 1977-லேயே விளக்கியிருக்கிறார். அந்நிறுவனத்தார் உள்ளுக்குள் கணித்த வெப்ப உயர்வு பிற்காலத்தில் அளவிடப்பட்டதோடு நன்கு ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் 2023-இல் எண்களுடன் காட்டினார்கள். அதே நிறுவனம் 1990-களிலும் அதன் பின்னரும் வெளியில் ஐயத்தைப் பரப்பியது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அரசு தரவை மறைத்தது; இங்கே பணம் தரவின் மீது ஐயத்தைப் படரவிட்டது. எரிப்பவரிடமே அதிகாரமும் குவிந்திருந்தால், எரிப்பதைப் பற்றிய உண்மையும் அவர் கையில் சிக்கிக்கொள்ளும். இரு அமைப்புகளுக்கும் பொதுவான இந்த நோயைப் பொருளியல் பாடநூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உடைமை யாருடையது என்பது ஏன் தீர்மானகரமானதல்ல என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. தொழிற்புரட்சி தொடங்கி 2010 வரையிலான உமிழ்வில் ஏறத்தாழ 63 சதவீதத்தை வெறும் 90 எரிபொருள், சிமெண்ட் உற்பத்தியாளர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று ரிச்சர்ட் ஹீடி 2014-இல் காட்டினார். அந்தப் பட்டியலில் தனியார் நிறுவனங்களான செவ்ரானும் எக்ஸானும் இருப்பது போலவே அரசின் கையிலுள்ள சவூதி அராம்கோ, ரஷ்யாவின் காஸ்ப்ரோம், கோல் இந்தியா ஆகியவையும் இருக்கின்றன. அரசுடைமையாக்குவதால் மட்டும் ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடப்படுவதில்லை. அரசின் வரவு செலவே அந்தச் சுரங்கத்தை நம்பியிருந்தால் மூடுவது இன்னும் கடினமாகலாம்.

அப்படியானால் விலையைச் சரிசெய்துவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். பொருளியலாளர்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமளவு உடன்பாடு உண்டு, ஆனால் முழுமையாக அன்று. ஸ்வீடன் 1991-இல் கார்பன் வரி விதித்தது. இன்று அது உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அந்நாட்டின் உமிழ்வு 1990-இலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது, பொருளாதாரமோ வளர்ந்திருக்கிறது. ஆனால் ஸ்வீடனில் நீர் மின்சாரமும் அணுமின்சாரமும் முன்பே இருந்தன என்பதையும், பெரிய ஆலைகளுக்கு நெடுங்காலம் வரிச் சலுகை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆலைகள் உமிழ்வதற்கான உரிமைகளை வாங்கி விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கிய சந்தையில் ஒரு டன்னின் விலை சில ஆண்டுகளில் ஐந்து யூரோ அளவுக்கு வீழ்ந்து பயனற்றுக் கிடந்தது. விதிகளை இறுக்கிய பின்னர் 2023-இல் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. பிரிட்டன் மின்சாரத்தில் 2012-இல் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. கூடுதல் கார்பன் கட்டணம், காற்றாலைகளுக்கான ஆதரவு, கடுமையான மாசு விதிகள் எல்லாம் சேர்ந்து, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தோடு அந்நாட்டின் நிலக்கரி மின்சாரம் முடிந்தது. 1882-இல் லண்டன் ஹோல்போர்னில் நிலக்கரி மின் நிலையம் தொடங்கிய நாடு அது.

மறுபக்கம், ஆஸ்திரேலியா 2012-இல் கொண்டுவந்த கார்பன் விலையை 2014-இல் ரத்து செய்தது. பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பலர், பேருந்து வசதியற்ற சிற்றூர்களிலிருந்து தினமும் நெடுந்தொலைவு காரில் வேலைக்குப் போகிறவர்கள். உலக மக்களில் வருமானத்தில் மேல்தட்டிலுள்ள 10 சதவீதத்தினர் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ பாதிக்குக் காரணமாக இருக்கும்போது, வரியின் சுமை கீழ்த்தட்டில் விழுந்தால் மக்கள் அதை ஏற்க மாட்டார்கள். ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இதற்கிடையே உலக அரசுகள் புதைபடிவ எரிபொருளுக்கு நேரடியாகத் தரும் மானியம் 2022-இல் 1.3 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நிதியம் கணக்கிட்டது. வரி விதிப்பது பற்றி விவாதிக்கும் அதே அரசுகள் மறுகையால் எரிப்பதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்து வளர்ச்சி பற்றிய கேள்வி. இதில்தான் அறிஞர்களுக்கிடையே உண்மையான, ஆழமான பிளவு இருக்கிறது. ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் பொருளாதாரம் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். எல்லையுள்ள பூமியில் இது எத்தனை முறை நடக்க முடியும் என்று பொருளியலாளர் ஜார்ஜெஸ்கு ரோகனும் அவருடைய மாணவர் ஹெர்மன் டேலியும் அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டார்கள். கடன், பங்குச் சந்தை, ஓய்வூதிய நிதி ஆகியவை அனைத்தும் நாளைய வளர்ச்சியை இன்றே கணக்கில் எடுத்துக்கொண்டு இயங்குவதால், முதலாளித்துவம் வளராமல் நிற்க இயலாது என்பது இன்றைய வளர்ச்சித் துறப்பு இயக்கத்தாரின் வாதம். எதிர்த் தரப்பினரிடமும் சான்று உண்டு. குறைந்தது 18 நாடுகள் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து உமிழ்வைக் குறைத்திருக்கின்றன. அதுவும் இறக்குமதிப் பொருள்களில் மறைந்துவரும் உமிழ்வைக் கணக்கில் சேர்த்த பிறகு என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2022-இல் பதிவு செய்தது. அவற்றில் பல நாடுகளில் உற்பத்தியும் கூடவே வளர்ந்தது. ஆக, வளர்ச்சியும் உமிழ்வும் பிரியவே முடியாது என்ற கூற்று தவறு. ஆனால் அந்த நாடுகள் பிரியும் வேகம் வெப்ப உயர்வுக்குப் பாரிஸ் உடன்படிக்கை வகுத்த எல்லைக்குப் போதுமானதல்ல என்பதும் உண்மை. வேகத்தை வேண்டிய அளவுக்குக் கூட்ட முடியுமா என்பதற்கு இதுவரையிலான வரலாற்றில் முன்மாதிரி இல்லை. அதனால் 'முடியும்' என்பவரும் 'முடியாது' என்பவரும் கணிப்பைத்தான் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவுக்கு வளர்ச்சி தேவையா என்ற கேள்வியும், பீகாருக்கு வளர்ச்சி தேவையா என்ற கேள்வியும் ஒரே கேள்வியாக ஒருபோதும் இருக்க முடியாது.

சீனத்தை இந்த இரட்டைப் பெட்டியில் எதில் வைப்பது என்பது எல்லோரையும் திணறடிக்கும். 2001-இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு அதன் உமிழ்வு பாய்ந்து ஏறியது. 2006 வாக்கில் அமெரிக்காவைத் தாண்டியது. இன்று உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் அங்கே எரிகிறது. அந்த நிலக்கரியில் ஒரு பகுதி அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்கான பொருள்களைச் செய்யத்தான் எரிந்தது. மாவட்ட அதிகாரிகளின் பதவி உயர்வு உள்ளூர் உற்பத்தி வளர்ச்சியோடு நெடுங்காலம் பிணைக்கப்பட்டிருந்ததால், சோவியத்தின் டன் இலக்கும் சந்தைப் போட்டியும் ஒரே இடத்தில் கூடின. அதே சீனம்தான் 2023-இல் மட்டும் 200 கிகாவாட்டுக்கும் மேல் சூரிய மின்சக்தியை நிறுவியது. அதே ஆண்டில் உலகில் கட்டத் தொடங்கிய நிலக்கரி மின் நிலையங்களில் மிகப் பெரும்பகுதியும் அங்கேதான்.

சூரிய மின்தகட்டின் வரலாறே உங்கள் கேள்விக்கு நல்ல விடையாக அமையும். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், தனியார் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பணத்தில், பயன்படத்தக்க முதல் சிலிக்கான் மின்கலம் பிறந்தது. சாதாரண நுகர்வோர் யாரும் வாங்க முடியாத விலையில் இருந்த அதை 1958 முதல் விண்வெளித் திட்டம், அதாவது அமெரிக்க அரசு, வாங்கி உயிரோடு வைத்தது. ஜெர்மனி 2000-இல் இயற்றிய சட்டம் இருபது ஆண்டுகளுக்கு உறுதியான விலை தருவதாகச் சொல்லி பெரும் தேவையை உண்டாக்கியது. அதற்கான செலவை ஜெர்மானியர்கள் மின்கட்டணத்தில் சுமந்தார்கள். அந்தத் தேவைக்குச் சீனத்தின் தனியார் ஆலைகள், அரசு வங்கிகளின் கடனோடும் கடும் போட்டியோடும் உற்பத்தியைப் பெருக்கின. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; 2010-களில் மட்டும் விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இதில் எது முதலாளித்துவம், எது திட்டமிடல் என்று பிரித்தெடுக்க முயன்றால் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது. பிரான்ஸ் 1974-க்குப் பின் தன் மின்சாரத்தைப் பெரும்பகுதி அணுசக்திக்கு மாற்றியதும் அப்படித்தான்: சந்தை நாடு ஒன்றில், அரசு நிறுவனம் ஒன்று, திட்டமிட்டு நடத்திய மாற்றம் அது.

பொது விவாதத்தில் மிகக் குறைவாகவே பேசப்படுவதும், என் கணிப்பில் இந்தியாவுக்கு மிக முக்கியமானதும் வட்டி. நிலக்கரி நிலையத்தில் செலவின் பெரும்பகுதி ஆண்டுதோறும் வாங்கும் எரிபொருளில் இருக்கிறது. சூரிய மின் நிலையத்திலோ ஏறத்தாழ முழுச் செலவும் தொடக்கத்திலேயே கடனாக விழுகிறது. ஒரு கோடி ரூபாய் கடனை 25 ஆண்டுகளில் அடைக்க, 4 சதவீத வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 6.4 லட்சம் கட்ட வேண்டும். 10 சதவீத வட்டியில் சுமார் 11 லட்சம். வெயில் ஒன்றுதான், தகடு ஒன்றுதான், ஆனால் ஏழை நாட்டில் மின்சாரத்தின் விலை 70 சதவீதம் கூடுகிறது. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு மூலதனம் திரட்டும் செலவு செல்வ நாடுகளைவிட இரு மடங்குக்கும் மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை காட்டியிருக்கிறது. இதே வட்டிக் கணக்கு வருங்காலத் தலைமுறையின் மதிப்பையும் நிர்ணயிக்கிறது. நூறு ஆண்டுக்குப் பின் வரப்போகும் 100 ரூபாய் இழப்பை ஸ்டெர்ன் கையாண்டது போல ஆண்டுக்கு 1.4 சதவீத வட்டி விகிதத்தில் பின்னோக்கிக் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 25 ரூபாய்; 5 சதவீதத்தில் கழித்தால் 76 காசு. பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் உள்ளிட்டோர் ஸ்டெர்னோடு மோதியது பெரிதும் இந்த விகிதத்தைப் பற்றித்தான். சந்தை நிர்ணயிக்கும் வட்டியே பேரக்குழந்தைகளின் இழப்பை அளக்கத் தகுந்த அளவுகோலா என்பது அறம் சார்ந்த கேள்வி. அதைப் பொருளியல் தன் கணிதத்தால் தீர்த்துவிட முடியாது என்பதை என் துறையின் எல்லையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

நம் அனுபவமும் இதே பாடத்தைக் காட்டுகிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பொதுத்துறை. அதன் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. தமிழகத்துக்கு அது தொழில் வளர்ச்சியைத் தந்தது, புகையையும் நிலம் இழந்த கிராமங்களையும் தந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பல்லடம் பக்கத்திலும் 1990-களில் காற்றாலைகள் முளைத்ததற்குக் காரணம், முதலீட்டின் முழு மதிப்பையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை. கோவை, திருப்பூர் ஆலை முதலாளிகள் வரியை மிச்சப்படுத்தக் காற்றாலை நட்டார்கள். நோக்கம் லாபம்தான்; திசையைக் கொடுத்தது அரசின் விதி. அந்த விதியிலும் ஓட்டை இருந்தது: மின்சாரம் எவ்வளவு வந்தாலும் சலுகை கிடைத்ததால் சரியில்லாத இடத்திலும் சிலர் நட்டார்கள், 2009-இல் உற்பத்தியாகும் அலகுக்கு ஊக்கத்தொகை என்ற முறை சேர்க்கப்பட்டது. மறுபுறம், அளவுமானி இல்லாத இலவச விவசாய மின்சாரம் சோவியத் வீடுகளின் திருகில்லாத வெந்நீர்க் குழாயையே எனக்கு நினைவூட்டுகிறது. அதற்காக விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காதவரிடமிருந்து மின்சாரத்தை மட்டும் பிடுங்குவது அநீதி. அதே தொகையை அவர் கையில் கொடுத்து, மிச்சப்படுத்தும் மின்சாரம் அவருக்கே லாபமாகும்படி அமைப்பதுதான் நான் ஆதரிக்கும் வழி.

ஆகவே, முதலாளித்துவமா சோஷலிசமா என்று கேட்பதைவிட, எந்த அமைப்பைப் பற்றியும் சில குறிப்பான கேள்விகளைக் கேட்கும்படி சொல்வேன். எரிப்பவர் அதன் முழு விலையைக் கொடுக்கிறாரா? பாதிக்கப்படுகிறவருக்குத் தகவலும், நீதிமன்றமும், வாக்கும் இருக்கின்றனவா? நீண்டகால முதலீட்டுக்கு மலிவான பணம் கிடைக்கிறதா? தனியார் போட்டி, பொதுமக்களின் அரசு, சுதந்திரமான பத்திரிகை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கண்காணிக்கும் கலப்பு ஏற்பாடுகளே இதுவரை உமிழ்வை மனிதத் துயரமின்றிக் குறைத்திருக்கின்றன என்று துணிந்து சொல்லலாம். அந்த ஏற்பாடுகள் போதிய வேகத்தில் குறைக்கும் என்று சொல்ல எனக்குச் சான்று போதாது. வளர்ச்சியையே அடிப்படையாகக் கொண்ட நிதி அமைப்பைத் தொடாமல் செல்வ நாடுகள் தம் இலக்கை அடைய முடியுமா என்று எனக்கு ஆண்டுக்கு ஆண்டு ஐயம் கூடிவருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மாற்றம் நிலைப்பதும் கவிழ்வதும் அதைப் பொறுத்தது. எந்த அமைப்பானாலும் நிலக்கரியை விட்டு விலகும்போது அதன் செலவு முதலில் சுரங்கத் தொழிலாளர் வீட்டில்தான் விழுகிறது. பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு அடுத்தடுத்துச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அந்த ஊர்களுக்குப் போதிய மாற்று ஏற்பாடு இல்லை. கிழக்கு ஜெர்மனியில் 1990-களில் பழுப்பு நிலக்கரித் தொழிலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பத்தே ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். அந்தக் கசப்பு அப்பகுதி அரசியலில் இன்றும் ஆறவில்லை. அதைக் கண்ட பின்னர்தான் ஜெர்மனி 2020-இல், 2038-க்குள் நிலக்கரியிலிருந்து வெளியேறும் சட்டத்தோடு, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கும் சட்டத்தையும் இயற்றியது. நெய்வேலிக்கும், ஜார்க்கண்டின் தன்பாதுக்கும், சத்தீஸ்கரின் கோர்பாவுக்கும் அத்தகைய சட்டமும் நிதியும் நம்மிடம் இன்னும் இல்லை. சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் வருவாயிலிருந்தே அதற்கான தொகையை ஒதுக்கத் தொடங்க வேண்டும்; மூடும் ஆண்டில் தேடினால் அந்தப் பணம் இருக்காது.